கையிலிருக்கும் முகவர் யாருடைய முகவர்?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் தெற்கில், காங்கேசன்துறை வீதியை ஒட்டி அமைந்துள்ள உடுவில் இரண்டு காரணங்களால் பலராலும் அறியப்பட்ட ஊராகும். 1824 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் அங்கு தொடக்கிய மகளிர் கல்லூரி ஒன்று. அவ்வூரையும் அயலூர்களையும் சூழ்ந்துள்ள செம்மண் தோட்டங்கள் மற்றையது. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாட்டில், சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கி நிற்கும் நிலத்தடி நீரைக் கிணற்றிலிருந்து இறைத்து, சின்ன வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் மரக்கறியும் விளைவித்து வாழும் உழைப்பாளிகளின் மண் அது.

அந்தத் தோட்டக்காரரின் சட்டைப்பையிலும் இன்று கையடக்கத் தொலைபேசி இருக்கின்றது. நாள் முழுவதும் அதற்குத் தகவல்கள் வந்தவண்ணம் உள்ளன. எங்கோ ஓர் அங்காடியின் கழிவு விலை, கேட்டிராத பாட்டை அழைப்போசையாக்கும்படி ஒரு வேண்டுகோள், கலந்துகொள்ளாத போட்டி ஒன்றின் அறிவித்தல் என அவை நீளுகின்றன. அவர் அறிய விரும்புவனவோ வேறு. பிடுங்கிக் காயவிட்ட வெங்காயத்தை இன்றிரவு மழை நனைக்குமா? மருதனார்மடம் சந்தையில் இன்று காலை என்ன விலை போனது? இலை நுனி கருகிச் சுருள்வது நீர்க்குறைவாலா, பங்கசு நோயாலா?

இத்தனைக்கும் அந்தக் கருவி ஒன்றும் அறியாததல்ல. தான் இருக்கும் இடத்தை ஒருசில மீற்றர் வித்தியாசத்துக்குள் அறியும். நேரத்தையும் நாளையும் அறியும். உரியவர் எந்த மொழியில் பேசுகின்றார், எப்போது உறங்குகின்றார் என்பதைக்கூட ஊகித்துக்கொள்ளும். இவ்வறிவை அவருக்கு வேண்டிய தகவலை வேண்டிய வேளையில் கொண்டுவந்து சேர்ப்பதற்குப் பயன்படுத்த முடியாதா என்ற கேள்வி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணினி ஆய்வாளர்களால் ஆராயப்பட்டு வருகின்றது. 'சூழலறிந்து தகவல் வழங்கல்' என்றும், அப்பணியைச் செய்யும் நிரல்கள் 'மென்பொருள் முகவர்கள்' என்றும் அழைக்கப்படுகின்றன. இவை எவ்வாறு இயங்குகின்றன, நம்மைப் போன்ற மக்களுக்கு எந்த அளவுக்கு உதவும், எங்கே ஆபத்தாக மாறும் என்பவற்றை இங்கு நோக்குவோம்.

முகவர் என்பவர் யார்?

முகவர் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்களுக்கு வெளிநாடு அனுப்பிவைக்கும் முகவர்களே முதலில் நினைவுக்கு வருவர். அவர்களுள் சொன்னபடி கொண்டுபோய்ச் சேர்த்தவர்களும் உண்டு. பணத்தை வாங்கிக்கொண்டு நடுவழியில் கைவிட்டவர்களும் உண்டு. மென்பொருள் முகவரைப் புரிந்துகொள்வதற்கு இந்த அனுபவம் ஒருவகையில் உதவுகின்றது. நமக்காக, நாம் பக்கத்தில் இல்லாத இடத்தில், நமது பெயரால் காரியம் பார்ப்பவரே முகவர். அவர் திறமையானவரா என்பது ஒரு கேள்வி. அவர் யாருக்காக வேலை செய்கின்றார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

சாதாரண மென்பொருளை நாம் ஏவினால்தான் அது இயங்கும். பொத்தானை அழுத்தினால் விடை தரும். அழுத்தாவிட்டால் சும்மா கிடக்கும். முகவர் அப்படியன்று. ஒரு நோக்கத்தை அதனிடம் ஒப்படைத்துவிட்டால், சுற்றிலும் நடப்பவற்றைத் தானே கவனித்து, எப்போது என்ன செய்வதென்று தானே தீர்மானித்து, தேவையானபோது பிற நிரல்களுடன் செய்தி பரிமாறி, அந்நோக்கத்தை நிறைவேற்ற முயலும். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த பற்றி மேஸ் 1994 இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் பெரிதும் பேசப்பட்டது. உரியவரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பதுபோல் அவருடைய பழக்கங்களைக் கவனித்துக் கற்றுக்கொண்டு, குவிந்து வரும் மின்னஞ்சல்களையும் செய்திகளையும் தெரிந்தெடுத்துத் தரும் முகவர்களைப் பற்றி அவர் எழுதினார். தகவல் பெருக்கத்தில் மனிதர் மூழ்கிப்போகாமல் காப்பதே அவற்றின் நோக்கமாகக் கூறப்பட்டது.

சூழல் என்பது எது?

ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஒலிவெட்டி ஆய்வுகூடத்தில் வேறொரு பரிசோதனை நடந்தது. ஊழியர் ஒவ்வொருவரும் சிறிய மின்னணு வில்லை ஒன்றைச் சட்டையில் அணிந்துகொள்வர். சிலசில நொடிகளுக்கு ஒருமுறை அது அகச்சிவப்புக் கதிரால் ஒரு குறிப்பை வெளியிடும். சுவர்களில் பொருத்தப்பட்ட உணரிகள் அதைப் பெற்று, யார் எந்த அறையில் இருக்கின்றார் என்பதை நடுக் கணினிக்கு அறிவிக்கும். ஒருவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தால் அவர் நிற்கும் அறையிலுள்ள தொலைபேசிக்கே அதை அனுப்பிவைக்க முடிந்தது. வசதியாகத்தான் இருந்தது. ஆனால், ஊழியர் எத்தனை நிமிடம் தேநீர் அருந்தினார் என்பதை மேலதிகாரியும் இதனால் அறியலாமே என்ற அச்சமும் அப்போதே எழுந்தது. சூழலறியும் கணினியியல் பிறந்தபோதே அதன் நன்மையும் அச்சமும் கூடவே பிறந்தன எனலாம்.

சூழல் என்பது இடம் மட்டுமன்று. ஒருவரின் நிலையை விளக்கக்கூடிய எத்தகவலும் சூழலே என்பது இத்துறையில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். இடம், நேரம், காலநிலை, செய்யும் தொழில், பேசும் மொழி, வைத்திருக்கும் கருவி ஆகிய யாவும் அதில் அடங்கும். முகவர் இவற்றை ஒன்றுசேர்த்து ஒரு முடிவுக்கு வருகின்றது. 'இவர் பயிரிட்டிருப்பது சின்ன வெங்காயம். நட்டு இத்தனை வாரமாகிவிட்டது. நிலம் வலிகாமத்துச் செம்மண். கடந்த மூன்று நாளாக மப்பும் மந்தாரமுமாக இருக்கின்றது. ஆகவே பங்கசு நோய் பற்றிய அறிவுரையை நாளை காலை தோட்டத்துக்குப் புறப்படும் முன்னர் சொல்லவேண்டும்.' அடிப்படையில் இது அனுபவமுள்ள விவசாயப் போதனாசிரியர் ஒருவர் செய்யும் வேலையே. ஒரு போதனாசிரியர் நாளொன்றுக்கு எத்தனை தோட்டங்களுக்குப் போகமுடியும் என்ற இடத்திலேயே முகவரின் தேவை தொடங்குகின்றது.

'உழவர் தோழன்'

இது எங்கோ மேலைநாட்டு ஆய்வுகூடத்துக் கதை என்று எண்ணவேண்டியதில்லை. இலங்கையில் 2015 ஆம் ஆண்டில் டயலொக் நிறுவனம் விவசாயத் திணைக்களத்துடன் இணைந்து சிங்களத்தில் 'கொவி மித்துரு' என்றும் தமிழில் 'உழவர் தோழன்' என்றும் ஒரு சேவையை ஆரம்பித்தது. 616 என்ற இலக்கத்தை அழைத்துத் தமது பயிரையும் இடத்தையும் பயிர்ச்செய்கை தொடங்கிய காலத்தையும் பதிவுசெய்துகொண்டவர்களுக்கு, நிலம் பண்படுத்துவது முதல் அறுவடை வரை, அந்தந்தக் கட்டத்துக்குரிய ஆலோசனை குரல்வழித் தகவலாக வந்துசேர்ந்தது. விலையுயர்ந்த தொலைபேசியோ இணைய இணைப்போ இதற்குத் தேவைப்படவில்லை. பொத்தான்கள் உள்ள சாதாரணத் தொலைபேசியே போதுமானதாக இருந்தது.

அதற்கு முன்னரும் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்தை அழைத்துச் சந்தேகம் கேட்கும் வசதி இருந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். 1920 இல் விவசாயி கேட்டால் விடை கிடைக்கும். ஆனால், எதைக் கேட்பதென்று அறிந்தவரே கேட்க முடியும். நோய் கண்ணுக்குத் தெரிந்த பின்னர் கேட்பதால் பல வேளைகளில் காலம் கடந்துவிடுகின்றது. 'உழவர் தோழன்' கேட்காமலே சொல்லும் முறையைக் கொண்டிருந்தது. மேலே கூறிய முகவர் என்ற எண்ணத்தின் எளிய வடிவம் அதுவே.

இலங்கை முழுவதும் 46 விவசாயச் சூழலியல் வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மலையகத்து மரக்கறிக்குச் சொல்லும் அறிவுரை வலிகாமத்துக்குப் பொருந்தாது. நீண்ட வரட்சியும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டும் பருவமழையும் நம்முடைய காலநிலை. ஆகவே வலயத்தை அறியாமல் சொல்லப்படும் ஆலோசனை, சொல்லாமல் விடுவதைவிடத் தீங்கானதாகவும் முடியலாம். காலமும் அவ்வாறே. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அந்த ஆண்டு நவம்பரில் அத்தடை விலக்கிக்கொள்ளப்பட்டதை நாம் மறந்திருக்கமாட்டோம். அந்த மாதங்களில் 'இத்தனையாம் நாள் யூரியா இடுங்கள்' என்று வழமைபோல் சொல்லிக்கொண்டிருக்கும் முகவர் ஒன்று பயிரை அறிந்திருக்கலாம். நாட்டு நிலைமையை அறிந்ததாகாது.

கடலிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. தமிழகத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், குவால்கொம் நிறுவனத்தின் துணையுடன் மீனவர்களுக்கென்று ஒரு செயலியை உருவாக்கியது. இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் வழங்கும் அலை உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்கக்கூடிய பகுதி முதலிய விபரங்களை அது தமிழில் தருகின்றது. படகு சர்வதேசக் கடல் எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கவும் செய்கின்றது. பாக்குநீரிணையின் இருபுறத்து மீனவர்களும் படும் துயரை அறிந்த நமக்கு, தக்க நேரத்தில் வரும் ஓர் எச்சரிக்கையின் பெறுமதியை விளக்கவேண்டியதில்லை.

மொழியும் ஒரு சூழலே

உள்ளடக்கம் எவ்வளவு சிறந்ததாயினும் அது விளங்கும் மொழியில் வராவிட்டால் பயனில்லை. இங்கு தொழில்நுட்பமே நமக்கு எதிராக நின்ற ஒரு விடயத்தைக் குறிப்பிடவேண்டும். ஒரு குறுந்தகவலில் ஆங்கில எழுத்துகள் 160 வரை அடங்கும். தமிழில் எழுதினால் 70 குறியீடுகள் மட்டுமே அடங்கும். அதிலும் உயிர்மெய்யின் விசிறியும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படுகின்றன. நாம் நான்கெழுத்தாக எழுதும் 'உடுவில்' என்ற ஊர்ப்பெயர் ஏழு இடங்களைப் பிடித்துக்கொள்கின்றது. ஆங்கிலத்தில் ஒரு தகவலில் முடியும் ஆலோசனை தமிழில் மூன்று தகவலாக உடைந்து, செலவும் மூன்று மடங்காகின்றது. குரல்வழிச் சேவைகள் தமிழருக்குக் கூடுதலாகப் பொருந்தியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளியான பின்னர், கேட்ட கேள்விக்குத் தமிழிலேயே விரிவாக விடை எழுதும் இயந்திரங்கள் வந்துவிட்டன. அவற்றை அடித்தளமாகக் கொண்டு, நமக்காகத் தேடவும் பதிவுசெய்யவும் பணம் செலுத்தவும்கூடிய புதிய தலைமுறை முகவர்கள் உருவாக்கப்பட்டு வருகின்றன. அவற்றுக்கு எந்தத் தமிழ் கற்பிக்கப்படுகின்றது என்பது நமது அக்கறைக்குரியது. நாம் பசளை என்பதைத் தமிழகத்தார் உரம் என்பர். நாம் பங்கசு என்பதை அவர்கள் பூஞ்சை என்பர். போஞ்சி, கறிமிளகாய் என்ற பெயர்கள் அங்கு வழங்குவதில்லை. இயந்திரம் கற்ற தமிழில் ஈழத்துத் தமிழ் சிறுபகுதியாக இருந்தால், உடுவில் விவசாயி கேட்பது அதற்குச் சரியாக விளங்காது. அதைவிட மோசமாக, இலங்கையில் அனுமதிக்கப்படாத கிருமிநாசினி ஒன்றை இந்தியப் பெயரில் பரிந்துரைக்கவும் கூடும். சொல் தவறினால் சிரித்துவிட்டுப் போகலாம். மருந்தின் அளவு தவறினால் அவ்வாறு போகமுடியாது.

தொழுகை நேரமும் விற்கப்பட்ட இருப்பிடமும்

சூழலறிந்த தகவலை நாளுக்கு ஐந்து வேளை பயன்படுத்துவோர் நம்மிடையே உள்ளனர். தொழுகை நேரம் சூரியனின் நிலையைக்கொண்டு கணிக்கப்படுவதாகையால் இடத்துக்கு இடம் அது மாறும். ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணத்தில் சூரியன் மறைவது கொழும்பைவிட ஏறத்தாழ நான்கு நிமிடம் பிந்தி. டிசம்பரிலோ ஏறத்தாழ ஐந்து நிமிடம் முந்தி. கொழும்பு நேரத்தைப் பார்த்து யாழ்ப்பாணத்தில் நோன்பு திறக்கமுடியாது. யாழ்ப்பாணத்துச் சூரியோதயத்தைக்கொண்டு பஞ்சாங்கம் கணிக்கும் வழக்கமுடைய சைவத் தமிழருக்கும் இந்த உண்மை புதியதன்று. இருப்பிடத்தை அறிந்து அன்றைய தொழுகை நேரத்தையும் கிப்லாவின் திசையையும் காட்டும் செயலிகள் முஸ்லிம் மக்களிடையே பெருவரவேற்பைப் பெற்றதில் வியப்பில்லை.

இத்தகைய செயலிகளுள் உலகெங்கும் பெயர்பெற்றது 'முஸ்லிம் புரோ'. ஒன்பது கோடிக்கும் அதிகமான தடவைகள் அது தரவிறக்கப்பட்டிருந்தது. 2020 நவம்பரில் அமெரிக்காவின் 'மதர்போர்ட்' இணைய இதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. இச்செயலி திரட்டிய இருப்பிடத் தரவுகள் எக்ஸ்-மோட் என்ற தரகு நிறுவனத்துக்குச் சென்றன என்பதும், அந்நிறுவனம் அமெரிக்க இராணுவத்துக்குப் பணிபுரியும் ஒப்பந்தகாரர்களுக்குத் தரவுகளை விற்றது என்பதும் அச்செய்தியின் சாரம். எக்ஸ்-மோட்டுடனான தொடர்பைத் துண்டித்துக்கொள்வதாகச் செயலியின் உரிமையாளர்கள் அறிவித்தனர். 2024 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு, வழிபாட்டிடங்கள், மருத்துவ நிலையங்கள் போன்ற உணர்வுபூர்வமான இடங்கள் தொடர்பான தரவுகளை அந்நிறுவனம் விற்பதற்குத் தடைவிதித்தது.

இறைவனை வணங்குவதற்கு நேரம் கேட்டவரின் நடமாட்டம் யாருக்கோ விற்பனைப் பொருளாகியது. 'யாருடைய முகவர்?' என்று நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்வியின் பொருள் இதுவே. அம்முகவர் சொன்ன நேரத்தில் பிழையில்லை. காட்டிய திசையிலும் பிழையில்லை. வேலையைச் செம்மையாகச் செய்துகொண்டே, வேறொரு எசமானிடமும் அது கூலி வாங்கியது.

போரின் காலத்தில் எந்த வீட்டில் யார் இருக்கின்றார், யார் எப்போது எங்கே போகின்றார் என்ற விபரங்களால் மக்கள் பட்ட பாடுகளை வடபகுதி மக்களுக்கு எடுத்துச்சொல்லவேண்டியதில்லை. தமிழர் என்றாலும் முஸ்லிம் என்றாலும், தம்மைப் பற்றிய பட்டியல் ஒன்று எங்கோ இருப்பதன் அச்சத்தை அனுபவித்து அறிந்தவர்கள் நாம். ஆகவே இது நமக்குத் தொழில்நுட்பக் கேள்வி மட்டுமன்று.

சூழலை அறிவது வேறு, ஆளை அறிவது வேறு

அப்படியாயின் இந்தத் தொழில்நுட்பமே வேண்டாமென்று ஒதுக்கிவிடலாமா? அது தேவையில்லை. சூழலை அறிவதற்கு ஆளை அறிந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதே நாம் இங்கு வலியுறுத்த விரும்பும் கருத்தாகும்.

தொழுகை நேரத்தையே எடுத்துக்கொள்வோம். நாளும் இருப்பிடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் தெரிந்தால் அதைக் கணிக்கலாம். இக்கணக்கைத் தொலைபேசி தனக்குள்ளேயே ஒரு நொடியில் செய்துமுடிக்கும். இருப்பிடத்தை வெளியே எவருக்கும் அனுப்பவேண்டிய தேவை சிறிதுமில்லை. அவ்வாறு அனுப்பப்படுகின்றதென்றால் அது தொழுகைக்காக அன்று, வியாபாரத்துக்காகவே.

இன்னோர் உதாரணம் நமது நாட்டிலேயே உள்ளது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, நிலநடுக்கத்துக்கும் அலை கிழக்குக் கரையை அடைந்ததற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இருந்தும், கரையோர மக்களுக்கு எச்சரிக்கை எதுவும் போய்ச்சேரவில்லை. வடமராட்சி கிழக்கு உட்பட நாட்டின் கரையோரங்களில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்பாடத்தின் பின்னர் டயலொக் நிறுவனமும் மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வுகூடமும் மைக்ரோஇமேஜ் நிறுவனமும் சேர்ந்து, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் பயன்பாட்டுக்கென்று ஓர் எச்சரிக்கை வலையமைப்பை உருவாக்கின. 2009 இல் அது தொடக்கிவைக்கப்பட்டது. குறுந்தகவலுடன், கோபுரத்திலிருந்து நேரே ஒலிபரப்பும் முறையையும் அது கையாண்டது.

கோபுர ஒலிபரப்பு என்பது வானொலியைப் போன்றது. ஆபத்துள்ள பகுதியின் கோபுரங்கள் எச்சரிக்கையைப் பரப்பும். அவற்றின் எல்லைக்குள் நிற்கும் தொலைபேசிகள் யாவும் அதைப் பெறும். யாருடைய இலக்கம் என்று தேடவேண்டியதில்லை. பட்டியல் தேவையில்லை. அன்று அங்கு விருந்தாளியாக வந்தவருக்கும் எச்சரிக்கை கிடைக்கும். ஊரைவிட்டு வெளியே போயிருப்பவரை அது தொல்லைப்படுத்தாது. இடத்துக்குரிய தகவல் உரிய நேரத்தில் உரியவருக்குக் கிடைக்கின்றது. அவர் யாரென்பது எவருக்கும் தெரியாமலே கிடைக்கின்றது.

பதிவை மட்டும் நம்பும் முறையின் குறையையும் இது நீக்குகின்றது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெரும்பகுதியினர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். மீண்டு வந்தவர்களுள் வாழ்வு யாழ்ப்பாணத்திலும் பதிவு புத்தளத்திலுமாக இருந்தவர்கள் பலர். வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து உடுவில், சுன்னாகம் பகுதிகளில் ஆண்டுக்கணக்காகத் தங்கிய தமிழ்க் குடும்பங்களின் நிலையும் அத்தகையதே. கொப்பியில் எழுதிய முகவரியைச் சூழல் என்று கொள்ளும் முகவர் இவர்களுக்குத் தவறான ஊரின் மழையையும் தவறான ஊரின் நேரத்தையுமே சொல்லும்.

சுன்னாகத்துக் கிணறுகள்

தொழில்நுட்பத்தால் மட்டும் தீராத ஒரு பிரச்சினையும் உண்டு. உடுவில் பிரதேச செயலகப் பிரிவுக்குட்பட்ட சுன்னாகத்தில், மின்னுற்பத்தி நிலையப் பகுதியிலிருந்து கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த விவகாரம் 2014, 2015 ஆம் ஆண்டுகளில் பெரும் பிரச்சினையாக வெடித்தது. அயற்கிணறுகளில் எண்ணெய் காணப்பட்டது. மக்களுக்குப் பவுசர்களிலும் தாங்கிகளிலும் குடிநீர் வழங்கப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஏப்ரலில் அங்கு மின்னுற்பத்தி செய்த தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்ட கிணற்று உரிமையாளர்களுக்காக 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

அந்நாட்களில் ஒரு தாய் கேட்ட கேள்வி ஒன்றே: 'எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்கலாமா?' சூழலறிந்த தகவலுக்கு இதனிலும் பொருத்தமான கேள்வி இருக்கமுடியாது. இடம் தெரியும், வேளை தெரியும், கேட்பவரின் தேவையும் தெரியும். ஆயின், விடை தெளிவாக இருக்கவில்லை. நீர் மாதிரிகளைப் பரிசோதித்தவர்களும் நிபுணர் குழுவினரும் வெளியிட்ட முடிவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. எவ்வளவு அறிவார்ந்த முகவராயினும் உள்ள தரவைத்தான் கொண்டுவந்து தரும். தரவு சேகரிக்கப்படாவிட்டாலோ, சேகரித்தவர்கள் அதை மறைத்துவிட்டாலோ, முகவரால் ஆவதொன்றுமில்லை. கிணற்றுக்குக் கிணறு பரிசோதித்து, முடிவைக் கிணற்றுக்குரியவருக்கு அவருடைய மொழியில் அறிவிக்கும் கடமை மனிதருடையது, நிறுவனங்களுடையது.

வேண்டுவன எவை?

இவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவதாக, உள்ளூர்த் தரவு உள்ளூரில் உருவாகவேண்டும். சந்தை விலை, கிணற்று நீரின் தன்மை, மழைவீழ்ச்சி, நோய்ப் பரம்பல் ஆகியவற்றைப் பிரதேச மட்டத்தில் முறையாகத் திரட்டித் தமிழில் வெளியிடுவது பிரதேச சபைகளும் விவசாயத் திணைக்களமும் யாழ். பல்கலைக்கழகமும் கைகோத்துச் செய்யவேண்டிய பணியாகும். ஈழத்து விவசாயச் சொற்களின் பட்டியல் ஒன்றை எவரும் பயன்படுத்தக்கூடிய விதத்தில் உருவாக்குவதும் அதில் அடங்கும்.

இரண்டாவதாக, தேவைக்கு மிஞ்சிய விபரத்தை எச்செயலியும் கேட்கக்கூடாது. மழை பற்றிச் சொல்வதற்கு ஊரின் பெயர் போதும். வீட்டு வாசல் தேவையில்லை. தொலைபேசிக்குள்ளேயே செய்துமுடிக்கக்கூடிய கணக்கை வெளியே கொண்டுசெல்ல அனுமதிக்கலாகாது.

மூன்றாவதாக, சட்டம் ஏட்டில் மட்டும் இருந்தாற் போதாது. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த வேளையில் பிற்போடப்பட்டன. தரவைத் திரட்டும் வியாபாரமோ ஒருநாளும் பிற்போடப்படுவதில்லை. சட்டம் தரும் உரிமைகள் எவை என்பதைத் தமிழில் எளிமையாக எடுத்துரைப்பதும், அவை நடைமுறைப்படுத்தப்பட வேண்டுமென வற்புறுத்துவதும் மக்கள் பிரதிநிதிகளின் கடமையாகும்.

நான்காவதாக, பொறுப்பு யாருடையது என்பது தெளிவாக இருக்கவேண்டும். போதனாசிரியர் தவறான மருந்தைச் சொன்னால் மறுநாள் அவரிடம் போய்க் கேட்கலாம். முகவர் சொன்னது தவறாகிப் பயிர் அழிந்தால் யாரிடம் போய்க் கேட்பது? இக்கேள்விக்கு விடை இல்லாத சேவையை மருந்துக்கும் நோய்க்கும் நம்பியிருப்பது ஆபத்தானது. முகவர் போதனாசிரியருக்குத் துணையாக வரட்டும். அவருடைய இடத்துக்கு வரவேண்டாம்.

பயன்படுத்துவோராகிய நாமும் ஒன்று செய்யலாம். ஒரு செயலியைத் தொலைபேசியில் இறக்குவதற்கு முன்னர் அது இருப்பிடத்தை ஏன் கேட்கின்றது என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம். தேவையில்லாத அனுமதியை மறுக்கலாம். 'பயன்படுத்தும்போது மட்டும்' என்ற தெரிவு பெரும்பாலான தொலைபேசிகளில் உண்டு. வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் கேட்டால் அதைச் செய்துகாட்டுவார்கள்.

ஊருக்கு வரும் முகவரிடம் நமது பெரியவர்கள் முதலில் கேட்பது, 'தம்பி, நீர் ஆர் அனுப்பி வந்தனீர்?' என்பதையே. விடை தெளிவாக இருந்தால் திண்ணையில் இருத்தித் தேநீரும் கொடுப்பர். கையிலிருக்கும் முகவரிடமும் அக்கேள்வியைக் கேட்கப் பழகுவோம். வெங்காயம் நனையுமுன் மழையைச் சொல்லவும், நோன்பு திறக்கும் வேளையைச் சரியாகச் சொல்லவும், கிணற்று நீரைப் பற்றி உண்மையைச் சொல்லவும் அது வரட்டும். நம்மைப் பற்றி வேறெவரிடமும் அது சொல்லவேண்டியதில்லை.